நிலவறையின் முதல், கரு, உரி

ஆங்கிலத்தில் ‘டஞ்சன்’ என வழங்கும் சொல்லின் வரலாறு சுவையானது. பழைய பிரெஞ்சு மொழியில் ‘டான்ஜான்’ என்பது கோட்டையின் நடுவே உயர்ந்து நிற்கும் பெருங்கோபுரத்தைக் குறித்தது. காலப்போக்கில் அக்கோட்டையின் அடியில் இருந்த இருட்சிறையைக் குறிக்கலாயிற்று. மேலே நின்ற சொல் கீழே இறங்கிவிட்டது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் அச்சொல் மூன்றாவது பொருள் ஒன்றையும் பெற்றுள்ளது. மேசையைச் சுற்றி அமர்ந்து, கற்பனை மாந்தராக வேடமேற்று விளையாடுவோர், பேச்சாலேயே நுழைந்து பேச்சாலேயே வெளியேறும் கற்பனைச் சுரங்க மாளிகையே அது. இக்கட்டுரையில் அதனை ‘நிலவறை’ என்றே வழங்குவோம். நெல்லும் நகையும் காப்பதற்காகப் பழைய வீடுகளில் கட்டிய நிலவறைகளைக் கண்ட பெரியவர்களுக்கு இச்சொல் புதிதன்று.

தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் என்று கேட்கலாம். நம் மாணவர் சிலர் இவ்விளையாட்டை ஆடுகின்றனர். அவர்கள் வேண்டியதால் நாமும் ஒரு நிலவறையை அமைத்துப் பார்த்தோம். அதில் தோற்றோம். தோற்ற காரணத்தை ஆராயப் புகுந்தபோது, இருபது ஆண்டுகளாக வகுப்பில் நாம் நடத்திவரும் அகத்திணைப் பாடம் வேறொரு முகத்துடன் எதிரே வந்து நின்றது. இக்கட்டுரை எழுந்த காரணம் இதுவே.

விளையாட்டின் இயல்பு

இவ்விளையாட்டில் ஒருவர் நடத்துநர். ஏனைய நால்வர் அல்லது ஐவர் ஆடுவோர். நிலவறையின் வரைபடம் நடத்துநரிடம் மட்டுமே இருக்கும். “உங்கள் முன்னே ஒரு வளைவு வாயில், உள்ளே நீர் சொட்டும் ஓசை கேட்கிறது” என்பார் அவர். “விளக்கைத் தாழ்த்தித் தரையைப் பார்க்கிறோம்” என்பர் ஆடுவோர். முடிவு ஐயத்துக்குரியதாயின் பகடை உருட்டப்படும். பகடை என்றதும் பெரியவர்கள் முகம் சுளிப்பது இயல்பே. இங்கே பணயம் இல்லை. ஒருவரை ஒருவர் வெல்வதும் இல்லை. 1980-களில் அமெரிக்காவிலேயே பெற்றோர் சிலர் இவ்விளையாட்டை அஞ்சி இயக்கம் நடத்தியதுண்டு. அந்த அச்சம் பின்னர்த் தணிந்தது.

இதன் பிறப்பு அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் நிகழ்ந்தது. மினசோட்டா மாநிலத்தில் டேவ் ஆர்னெசன் (1947-2009) என்பார் ‘பிளாக்மூர்’ என்னும் கற்பனைக் கோட்டையின் அடியில் சுரங்கங்களை வரைந்து, தம் நண்பர்களை அவற்றுள் அனுப்பி விளையாடினார். 1972-இல் அதனை விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா ஊரிலிருந்த கேரி கைகாக்ஸ் (1938-2008) என்பாருக்கு ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் உடனே ‘கிரேஹாக்’ என்னும் கோட்டையின் அடியில் தாமும் ஒரு நிலவறை வரைந்து, தம் பிள்ளைகள் இருவரையே முதலில் அதனுள் அனுப்பினார். இருவரும் சேர்ந்து 1974-இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் மூன்று சிறு நூல்களை ஒரு பெட்டியில் வெளியிட்டனர். முதற் பதிப்பு 1000 படிகள். இன்று உலகெங்கும் ஆடப்படும் வேடமேற்பு விளையாட்டுகள் அனைத்தும் ஏதோ ஒரு வகையில் அப்பெட்டிக்குக் கடன்பட்டவை.

நாம் செய்த பிழை

பழைய கோட்டை உள்ள ஊர்களில் எல்லாம் வழங்கும் கதை ஒன்றுண்டு: கோட்டையிலிருந்து கடற்கரைக்கு ஒரு சுரங்கம் போகிறது என்பது. யாரும் கண்டதில்லை, எல்லாரும் கேட்டிருப்பர். நம் முதல் நிலவறையாக அச்சுரங்கத்தையே எடுத்துக்கொண்டோம். எட்டு அறைகள், ஒன்றன் பின் ஒன்றாக. முதலறையில் வருணனை, இரண்டாம் அறையில் ஒரு மோதல், மூன்றாம் அறையில் ஒரு கற்கதவும் அதன்மேல் பொறித்த விடுகதையும், அதன் பின் படிப்படியாக உயர்ந்து எட்டாம் அறையில் உச்சம். காப்பியம் போல் அமைந்துவிட்டதென்று மகிழ்ந்தோம்.

மாணவர் நால்வரும் மூன்றாம் அறையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டனர். விடுகதைக்கு அவர்கள் சொன்ன விடைகளில் இரண்டு நம் விடையினும் சிறந்தவை. ஆயினும் நம் தாளில் எழுதியிருந்தது வேறாதலின் கதவு திறக்கவில்லை. கடைசியில் ஒருவர் மிகப் பணிவாகக் கேட்டார்: “ஐயா, நாங்கள் கதவைத் திறக்க வேண்டுமா, உங்கள் மனத்தில் இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டுமா?”

அவ்வினா நம்மைச் சுட்டது. விளையாட்டைப் பற்றிய வினாவாக மட்டும் அதனை நம்மால் கொள்ள முடியவில்லை. தேர்வுத்தாள் திருத்தும் மேசையும் அப்போது நினைவுக்கு வந்தது.

மசலா என்னும் இலக்கிய வகையை மாணவர் அறிவர். வண்ணப்பரிமளப் புலவர் 1572-இல் இயற்றிய ஆயிரமசலா அவ்வகையிற் புகழ்பெற்றது. அதில் வினாவும் விடையுமாகவே நூல் நடக்கும். விடை முன்னரே நிலைபெற்றது. கேட்போர் அதனை அறிந்துகொள்வதே பயன். நிலவறையும் வினா விடை வடிவில்தான் நடக்கிறது. ஆனால் இங்கே வினாவை அமைப்பவன் விடையைத் தன் கையில் வைத்திருத்தல் ஆகாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே நம் பிழை.

நிலமும் பொழுதும்

தொல்காப்பியர் பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்நிலத்து உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியன. உரிப்பொருள் மாந்தரின் ஒழுக்கம். பாடலில் இம்மூன்றையும் புலவனே தருகிறான். நிலவறையில் முதலையும் கருவையும் மட்டுமே அமைப்பவன் தரவேண்டும். உரி ஆடுவோர்க்கு உரியது. அஞ்சி ஓடுவதும், பகைவனோடு பேசுவதும், புதையலை விட்டுவிட்டுத் தோழனைத் தூக்கிவருவதும் அவர்கள் மேசையில் அன்று எடுக்கும் முடிவுகள். எட்டு அறைகளை வரிசையாக அடுக்கியபோது நாம் அவர்களுடைய உரிப்பொருளையும் எழுதிவிட்டோம். அவர்களுக்கு எஞ்சியது வாசிப்பு மட்டுமே.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். எட்டு அறைகள் வரிசையாக இருந்தால் இடையே ஏழு கதவுகள். எந்த அறையிலிருந்து எந்த அறைக்குச் செல்லவும் ஒரே வழிதான். எட்டாவது கதவு ஒன்றை, இரண்டாம் அறைக்கும் ஆறாம் அறைக்கும் இடையே வைத்துப் பாருங்கள். உடனே ஒரு வளையம் பிறக்கிறது. பகைவரைச் சுற்றிப் பின்புறமாக வரலாம்; பகைவரும் அவ்வாறே வரலாம்; ஓடித் தப்பலாம்; ஒரு வழி அடைபட்டால் மறுவழி தேடலாம். ஒரே ஒரு கதவு செய்யும் வேலை இது. கிளை மட்டும் இருந்தால் போதாது. முட்டுச் சந்தில் முடியும் கிளை, ஆடுவோரைத் திரும்பி நடக்க வைப்பதன்றி வேறெதுவும் செய்வதில்லை.

இவ்வகையில் தலைசிறந்த ஆசான் ஜெனெல் ஜாக்வேஸ் (1956-2024) என்னும் அம்மையார். ‘திரேசியாவின் குகைகள்’ என்ற பொருளில் 1979-இல் வெளிவந்த அவருடைய நிலவறைக்கு நுழைவாயில் ஒன்றன்று. ஒரு தளத்திலிருந்து மறுதளத்துக்கு இறங்கும் வழியும் ஒன்றன்று. ஓர் இனத்தார் கட்டியதன்மேல் இன்னோர் இனத்தார் குடியேறி, அவரையும் வேறொருவர் வென்று அமர்ந்த வரலாறு கல்லிலும் சிலையிலும் அடுக்கடுக்காகத் தெரியும். எனவே வழி தேடுவோர் வரலாற்றையும் சேர்த்தே தேடுகின்றனர். ஜஸ்டின் அலெக்சாண்டர் என்னும் அமெரிக்க ஆசிரியர் 2010-இல் எழுதிய கட்டுரை இம்முறையை விளக்கி, பலருக்கும் பாடமாக்கியது. நாம் கண்ட வரைபடங்களுள் திரேசியாவினதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்லத் தயங்குவோம்.

ஆழமும் நிலத்தின் ஒரு கூறே. பழைய முறையில் தளம் இறங்க இறங்க இடரும் மிகும், செல்வமும் மிகும். எவ்வளவு துணிவது என்பதைப் படிக்கட்டின் தலையில் நின்று ஆடுவோரே முடிவு செய்வர். நடத்துநர் அவர்களைத் தள்ளவும் வேண்டியதில்லை, தடுக்கவும் வேண்டியதில்லை.

நிலத்தை அழகாக வரைவோர் பலர் பொழுதை மறந்துவிடுகின்றனர். பொழுது இல்லாத நிலவறை அருங்காட்சியகம் ஆகிவிடும்; ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரமும் நிற்கலாம். டாம் மோல்ட்வே 1981-இல் தொகுத்த தொடக்கநிலை விதிநூல் இதற்கு எளிய கணக்கொன்றைத் தருகிறது. பத்து நிமிடம் ஒரு சுற்று. ஒரு தீப்பந்தம் ஆறு சுற்று எரியும், அதாவது ஒரு மணி நேரம். எண்ணெய் விளக்கு 24 சுற்று. ஐந்து சுற்று நடந்தால் ஒரு சுற்று இளைப்பாற வேண்டும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நடத்துநர் ஆறுமுகப் பகடையை உருட்டுவார். ஒன்று விழுந்தால் அலைந்து திரியும் ஏதோ ஒன்று எதிர்ப்படும். ஆக ஒரு தீப்பந்தம் எரிந்து தீர்வதற்குள் மூன்று உருட்டல்கள். மூன்றில் ஒருமுறையேனும் ஒன்று விழும் வாய்ப்பு 216-இல் 91, ஏறக்குறைய நூற்றுக்கு 42. இச்சுவரை இன்னொரு முறை தட்டிப் பார்ப்போமா என்னும் சிறு வினாவுக்கு இப்போது ஒரு விலை வந்துவிடுகிறது.

அதே நூல் அறைகளை நிரப்பும் முறையையும் கூறும். பகடையில் ஒன்று அல்லது இரண்டு விழுந்தால் அவ்வறையில் உயிரினம். மூன்று விழுந்தால் பொறி. நான்கு விழுந்தால் ஏதேனும் புதுமை. ஐந்தும் ஆறும் விழுந்தால் வெற்றறை. மூன்றில் ஒரு பங்கு அறைகள் வெறுமையாக இருக்க வேண்டுமா என நாமும் முதலில் வியந்தோம். அவ்வெறுமை பயனற்றதன்று. கேட்டுக்கொண்டே இருக்கும் பறையொலி சிறிது நேரத்தில் காதில் விழாமற் போவது போல, எல்லா அறையிலும் இடர் இருந்தால் இடர் உறைப்பதில்லை. மேலும் வெற்றறையில்தான் இளைப்பாறலாம், கதவை அடைத்துக்கொண்டு சூழ்ச்சி செய்யலாம், சுவரிலுள்ள கறையைப் பார்க்கலாம்.

கருப்பொருள்

நிலவறையில் வாழும் உயிர்கள் என்ன உண்கின்றன, நீர் எங்கே எடுக்கின்றன, யாரை அஞ்சுகின்றன என்று கேட்க வேண்டும். கைகாக்ஸ் எழுதி 1979-இல் வெளிவந்த ‘எல்லைப்புறக் கோட்டை’ என்னும் பாடநூல் போன்ற படைப்பு இதற்கு நல்ல காட்டு. ஒரு பள்ளத்தாக்கின் இருமருங்கும் பதினொரு குகைவாய்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கூட்டம். பூதக் குறளர்களான காப்ளின்கள், தம்மை யாரேனும் தாக்கினால், மறைவாயில் வழியாக 250 பொற்காசுகள் கொண்ட பையை அடுத்த குகையில் வாழும் ஓகர் என்னும் அரக்கனிடம் எறிவர். அவன் கூலி பெற்றுக்கொண்டு அவர்களுக்காகப் போரிட வருவான். இச்சிறு செய்தியில் ஓர் உலகமே அடங்கியிருக்கிறது. அறிந்த ஆடுவோர், அதே அரக்கனுக்குக் கூடுதல் கூலி தரலாமே என எண்ணத் தொடங்குவர்.

அப்படைப்பில் இருபது வதந்திகளின் பட்டியலும் உண்டு. சில மெய், சில பொய். காப்ளின் மொழியில் ‘பிரீ-யார்க்’ என்பது சரணடைகிறோம் என்று பொருள்படும் என்பது ஒரு வதந்தி. உண்மையில் அது துணைக்கு ஆளைக் கூப்பிடும் போர்க்குரல். நம்பிச் செல்வோர் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை!

உயிரினம் என்றாலே போர் என எண்ணுதல் வேண்டா. மோல்ட்வேயின் விதிப்படி, புதிதாக எதிர்ப்படும் உயிரின் மனநிலையை இரு பகடைகளால் அறிவர். கண்டவுடன் பாய்ந்து தாக்குவது 36-இல் ஒருமுறையே. பகைமை காட்டுவது 9. என்ன செய்வதெனத் தயங்குவது 16. தாக்காமல் விடுவது 9. உவந்து நட்புக் கொள்வது 1. பெரும்பகுதி தயக்கம்தான். தயங்கி நிற்பவனிடம் பேசலாம். அன்றியும், பழைய விதிகளில் ஒரு பொற்காசை மீட்டுக்கொண்டு வந்தால் அனுபவப் புள்ளி ஒன்று. பகையைக் கொன்றால் கிடைப்பது அதனினும் மிகச் சிறிது. போரைத் தவிர்த்துப் பொருளைக் கொணர்பவனே அறிவாளி. இவ்விதி பின்னர் மறைந்தபோது விளையாட்டின் போக்கே மாறிப் போர் மிகுந்தது என்பது நம் கருத்து.

பொறியும் குறிப்பும்

பொறி அமைப்பதில்தான் அமைப்போரின் நேர்மை வெளிப்படும். எவ்வித அறிகுறியுமின்றித் தரை பிளந்து ஒருவரை விழுங்குமாயின் அங்கே தேர்வு எதுவும் நிகழவில்லை. தண்டனை மட்டுமே நிகழ்ந்தது. 1975-இல் ஒரு போட்டிக்காக ஆடப்பட்டு 1978-இல் அச்சேறிய ‘கொடூரங்களின் கல்லறை’ என்னும் கைகாக்ஸின் படைப்பு கொடுமைக்குப் பெயர்பெற்றது. அதன் நுழைவு நடையில் சுவரிலுள்ள பச்சைப் பேய்முகத்தின் வாய் இருண்டிருக்கும். அதனுள் நுழைந்தோர் திரும்புவதில்லை. அதனைப் பழிப்போர் பலர். ஆனால் அதே நடையின் தரையில் புதிர்மொழியில் ஓர் அறிவிப்பும் பதிக்கப்பட்டுள்ளது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அப்படைப்பு கடுமையானதே; ஆயினும் குறிப்பின்றிக் கொல்லத் தொடங்கவில்லை. வல்லுநர்க்கான போட்டியில் அது பொருந்தும். புதியவர்க்கு அதனை வைத்தல் முதலாண்டு மாணவனுக்கு முனைவர்ப் பட்டத் தேர்வு வைப்பதை ஒக்கும்.

அலெக்சாண்டர் 2008-இல் கூறிய அளவுகோல் ஒன்று பயனுடையது: ஆடுவோர் ஓர் உண்மையை உணர வேண்டுமாயின் அதற்குக் குறைந்தது மூன்று குறிப்புகளை வை. ஒன்றைக் காணாமல் விடுவர், ஒன்றைத் தவறாகப் பொருள் கொள்வர், மூன்றாவது கைகொடுக்கும். ஆசிரியராக இதனை நாம் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

மீண்டும் அதே சுரங்கம்

அடுத்த பருவத்தில் அதே எட்டு அறைகளைப் புதிதாக வரைந்தோம். கதவுகள் ஏழிலிருந்து ஒன்பதாயின. கடற்பக்கம் ஒரு வாயில் வைத்தோம். ஓதம் வடிந்த வேளையில் மட்டுமே அதனுள் நுழைய இயலும். மேலறைகளில் உப்புக் கடத்துவோர் எழுவர். கீழறைகளின் ஈரத்தில், விளக்கொளியை வெறுக்கும் குருட்டுப் பல்லிகள். கடத்துவோர்க்கு அப்பல்லிகளிடம் அச்சம். மூன்று அறைகள் வெற்றறைகள். அவற்றுள் ஒன்றின் சுவரில் இடுப்பளவு உயரத்தில் உப்புக் கோடு படிந்திருப்பதாக எழுதினோம். கடல்நீர் ஏறும் என்னும் எச்சரிக்கையாக மட்டுமே அதனைக் கருதினோம். பழைய கற்கதவை எட்டாம் அறையின் கடைசிச் சுவருக்கு மாற்றினோம். மேலே தூக்கித் திறக்கும் பலகைக்கல் அது. விடுகதையை அழித்துவிட்டோம். திறக்கும் வழி என்று எதையும் குறித்து வைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அன்று யாரும் அதனைத் திறப்பர் என நாம் எண்ணவே இல்லை.

அதே நால்வர் வந்தனர். உப்புக் கோட்டைக் கண்டனர். எட்டாம் அறையிலும் அக்கோடு உண்டா என ஒருவர் கேட்டார். நாம் வரைபடத்தைப் பார்த்தோம். அவ்வறை இன்னும் தாழ்ந்தது. எனவே உண்டு, தோளளவுக்கு என்றோம். மேலறையில் காலி உப்புப் பீப்பாய்கள் கிடந்தனவே என்றார் இன்னொருவர். ஏழு பீப்பாய்களை உருட்டிவந்து கதவின் இரு வளையங்களிலும் கட்டினர். பின்னர்க் கடல் ஏறுவதற்காக அமர்ந்தனர். ஓதம் முழுதும் ஏற இரண்டு மணி நேரம் எஞ்சியிருந்தது. விளக்கில் எண்ணெய் குறைவு. அதனை அணைத்துவிட்டு இருட்டில் காத்திருப்பதென முடிவு செய்தனர்.

இரண்டு மணி நேரம் பன்னிரண்டு சுற்று, ஆறு உருட்டல்கள். வகுப்பில் ஒருநாளும் வாய் திறவாத மாணவர் ஒவ்வோர் உருட்டலுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான்காம் உருட்டலில் ஒன்று விழுந்தது. வந்தவர்கள் கடத்துவோர். இரு பகடைகளை உருட்டினோம், ஒன்பது. “பேசுகிறேன்” என்று எழுந்தவர் அம்மாணவரே. கதவுக்கு அப்பால் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு எனப் பேரம் முடிந்தது. நீர் ஏறியது. பீப்பாய்கள் மிதந்தன. கல் ஒரு சாண் எழுந்தது, பின்னர் ஒரு முழம்.

அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று ஐவரும் கேட்டோம். நாமும் அவ்வைவருள் ஒருவர். நம் தாள் எட்டாம் அறையோடு முடிந்திருந்தது. வரும் வியாழக்கிழமைக்குள் ஒன்பதாம் அறையை வரைந்தாக வேண்டும்.